லிடிட்சே: வெறுமையாக விட்ட நிலம்



பிராக் நகருக்கு வடமேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் ஓடையோரச் சிற்றூர் லிடிட்சே. ஆண்களில் பலர் பக்கத்துக் கிளாட்னோவில் சுரங்க, இரும்பாலைத் தொழிலாளிகள். நாஜித் தலைவன் ஹைட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, அதில் சம்பந்தமே இல்லாத இந்த ஊரில் 1942 ஜூன் 10 அன்று 173 ஆண்களைச் சுட்டார்கள். பெண்களை முகாமுக்கு அனுப்பினார்கள். 82 குழந்தைகளை நச்சுவாயுவால் கொன்றார்கள்.

இதோடு விடவில்லை. வீடுகளையும் தேவாலயத்தையும் வெடிவைத்துத் தகர்த்து, கல்லறைகளைத் தோண்டி, ஓடையின் போக்கையே மாற்றினார்கள். ஊரைக் கொல்ல அதன் புவியியலையும் கொல்ல வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள், பாவிகள்!

போருக்குப் பின் புது லிடிட்சேயைப் பழைய இடத்தில் கட்டாமல் சற்றுத் தள்ளிக் கட்டினார்கள். நல்ல நிலத்தைச் சும்மா போட்டுவிட்டார்களே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதுவே சரியென்று படுகிறது. அங்கே புதுத் தெருக்கள் வந்திருந்தால் அழித்தவர்களின் வேலையல்லவா முடிந்திருக்கும்? இப்போது புல்வெளி, நடுவே தேவாலயத்தின் அடித்தளக் கற்கள். மேலே 82 குழந்தைகளும் வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். சிற்பி மரியே உஹிடிலோவா. இணையத்தில் படம் கிடைக்கும். பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகப் பாருங்கள்.