அடியும் பாட்டும்

பாட்டைக் கேட்டு எவனும் மனைவியை அடிப்பதில்லை என்பது திரைப்பாடலுக்காகப் பரிந்து பேசுவோரின் பழைய வாதம். இலக்கியம் கற்றவர்களே இதனை உரக்கக் கூறுவதுதான் விந்தை. நல்ல கவிதை மனிதனைப் பண்படுத்தும் என வகுப்பறையிற் சாதிப்பவர்கள், கெட்ட பாட்டு அவனை எதுவும் செய்யாது என வெளியே வந்து வாதிடுகின்றனர். சொல்லுக்கு ஆற்றல் உண்டெனின் அது இரு திசையிலும் உண்டு.

2011ஆம் ஆண்டில் செல்வராகவனின் இயக்கத்தில் தனுஷ் நடித்து வெளிவந்த ‘மயக்கம் என்ன’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘காதல் என் காதல்’ என்ற பாடலை அவ்விருவரும் சேர்ந்தே எழுதிப் பாடினர். பெண்ணை அடிக்குமாறும் உதைக்குமாறும் ஏவும் கூவல் அதில் உற்சாகமாக எழுகின்றது. அதே படத்தில், குடிபோதையிலுள்ள நாயகன் மனைவியைத் தள்ளிவிட, அவள் கருவை இழக்கிறாள். தரையிற் படிந்த குருதியைத் தானே துடைக்கிறாள். வன்முறையின் விளைவைப் படம் மறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் அவளது பொறுமையே அவனது வெற்றிக்கு ஏணியாகிறது. பரிசு பெறும் மேடையில் அவன் நன்றி கூறியதும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது!

பாட்டில் ஒலிப்பது பாத்திரத்தின் குரலேயன்றி ஆசிரியரின் குரலன்று எனச் சிலர் சமாதானம் கூறுவர். படத்துக்குள் அது பொருந்தலாம். ஆனால் திரைப்பாடல் படத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, படத்தையே காணாத பல்லாயிரவருக்குப் பாடல்களை மனப்பாடமாக்கியது. இன்று தனியார் பஸ்ஸும் திருமண மண்டபமும் கைத்தொலைபேசியும் அப்பணியைச் செய்கின்றன. குருதி திரையோடு நின்றுவிட, கூவல் மட்டும் ஊரெங்கும் செல்கிறது.

2006இல் ஜேர்மனியில் பிஷர், கிரைட்டமையர் என்னும் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், பெண்ணை இழிவுபடுத்தும் பாடல்களைக் கேட்ட ஆண்கள், ஒரு பெண் உண்பதற்கெனக் கூடுதலான மிளகாய்ச் சோஸை ஊற்றினர். ஆய்வுகூடத்து மிளகாயைக் கொண்டு வீட்டு அடியை அளத்தல் அரிது. பாட்டின் தீங்கை வேறிடத்திலே தேடவேண்டும். அது கையை ஓங்கச் செய்கிறதோ இல்லையோ, ஓங்கிய கைக்கு நியாயம் தேடிக் கொடுக்கிறது.

2019–21 இந்தியத் தேசியக் குடும்பநல ஆய்வு, கணவன் மனைவியை அடிப்பதற்குரிய காரணங்கள் சிலவற்றை முன்வைத்து வினவியது: சொல்லாமல் வெளியே செல்லல், எதிர்த்துப் பேசல், ஒழுங்காகச் சமைக்காமை முதலியன. பெண்களில் 45 வீதமானோரும் ஆண்களில் 44 வீதமானோரும் அவற்றுள் ஒன்றையேனும் ஏற்றுக்கொண்டனர். ஏற்பதில் பெண்களும் பின்னிற்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. இந்நியாயத்தைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழி முன்பே இருந்தது. திமிர் பிடித்தவளை அடக்குவதே ஆண்மை என்னும் பாட்டுக்கள் அதற்கு மெட்டமைத்துக் கொடுத்தன.

இலங்கையில் நிலைமை மேலானதன்று. 2019ஆம் ஆண்டின் பெண்கள் நலன் பற்றிய தேசிய அளவீட்டின்படி, கணவன் அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களில் ஐவருள் ஒருவர் அவனிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்துள்ளார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். ஆனால் அடிபட்டவள் நீதிமன்றப் படியேறுமுன் தாயையும் மாமியையும் அயலவரையும் கடக்கவேண்டும். அவர்கள் முதலிற் கேட்பது, “நீ என்ன சொன்னாய்?” என்பதே.

பெண்கள் தாமே கட்டிய தாலாட்டு வேறு கேள்வி கேட்டது. அழும் குழந்தையிடம், அடித்தவர் யார் எனக் கேட்டு, அவரைத் தண்டிப்பதாக அது வாக்களித்தது. குழந்தை என்ன குற்றம் செய்தது என அது விசாரிக்கவில்லை.

தணிக்கை கோருவதாற் பயனில்லை. தடைசெய்த பாட்டு இரட்டிப்பாகப் பாடப்படும். தமிழ்த்துறைகள் பரத்தையிற் பிரிவை நுணுகி ஆராய்வதுபோலத் திரைப்பாடலையும் வரிவரியாக வகுப்பில் எடுத்து விசாரிக்கலாம். கலைவிழாவுக்குப் பாட்டுத் தெரிவுசெய்யும் மாணவர் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் இப்போதே எண்ணிப் பார்க்கலாம்.