பள்ளிக் குழுவில் தாயின் குரல்

"கூட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போய்விடும், போய்த்தான் நான் என்ன பேசப் போகிறேன்?" பள்ளி மேலாண்மைக் குழு என்றதும் எங்கள் காடாம்புலியூர்ப் பக்கத்துத் தாய்மார் பலர் சொல்லும் பதில் இதுதான். முந்திரி உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன கைகளை உடையவர்கள் கேட்கும் இக்கேள்வியில் நியாயம் உண்டு. போன கூலியை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. ஆயினும் அவர்கள் போகத்தான் வேண்டும் என்பேன்.

காமராசர் ஆட்சியில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் பணமும் மனமுவந்து கொடுத்தனர். பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் அன்று ஊராரிடம் கேட்கப்பட்டது பெரும்பாலும் கொடையே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ பெற்றோரையே கேள்வி கேட்கச் சொல்கிறது! அரசுப் பள்ளிக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தையும், மானியம் செலவாகும் விதத்தையும் கண்காணிப்பது அவர்கள் கடமை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அவர்களே. அத்திட்டத்தை வைத்தே மானியம் வழங்க வேண்டும் என்கிறது சட்டம். கழிவறைக்குக் கதவு வேண்டும் என்று அதில் யார் எழுதுவது? பெண் பிள்ளையைப் பெற்றவள் அன்றோ! நம் மாநிலத்தில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன.

பள்ளிக் காரியத்தில் பெண்ணுக்கு இடம் என்பது சிறிய விஷயமன்று. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பெண்கள் 1861இலேயே பள்ளித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1920இல்தான்.

"கன்னியர் பள்ளியில் படிக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்பது உண்மை. ஆனால் நம்மில் எத்தனை பேருடைய தம்பி தங்கையர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்கின்றனர்! அப்படி ஒருவரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்றா விசாரித்தான்?

அம்மா, அடுத்த முறை குழு அமைக்க அழைக்கும்போது உங்கள் பெயரைத் துணிந்து கொடுங்கள். தீர்மான ஏட்டைப் படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். அன்று உலை வைப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு.