ரெண்டு பேர் சேர்ந்து எழுதினால் அரை எழுத்தாளரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. பி.பி. உள்ளவர்கள் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத் தொடரவும் :-)

நம் ஆட்களிடம், அதுவும் வெளியூரில் வந்து உட்கார்ந்துகொண்டு வருஷத்துக்கு நாலு தமிழ்ப் புத்தகம் வாங்குகிற நம்மைப் போன்றவர்களிடம், ஒரு வியாதி இருக்கிறது. எழுத்தாளர் என்றால் தனியாளாக இருக்க வேண்டும். யாரும் கேட்காமல், ராத்திரி ரெண்டு மணிக்கு, உள்ளிருந்து பொங்கி எழுத வேண்டும். ஒரு கம்பெனி கூப்பிட்டு, "இதோ கதாபாத்திரங்கள், இதோ உலகம், இத்தனாம் தேதிக்குள் நாவல் வேண்டும்" என்று சொல்லி எழுதினால் அது எழுத்து இல்லை, கூலி வேலை. அதையும் ரெண்டு பேர் சேர்ந்து எழுதினால்? கேட்கவே வேண்டாம்.

இங்கே புனேயில் மாசம் ஒருமுறை நாங்கள் சில குடும்பங்கள் கூடுவது வழக்கம் (இட்லி, அரட்டை, பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் தமிழ்). அப்பா பல்வந்த் சௌக்கில் பழைய விலைக்கு வாங்கின ஒரு தடிப் புத்தகம் என் பெண் கையில் இருந்தது. ஒரு பெரியவர் வாங்கிப் புரட்டினார். அட்டையில் டிராகன், கீழே ரெண்டு பெயர். "விளையாட்டுச் சாமான் விக்கறதுக்கு எழுதின புஸ்தகம் தம்பி இது. ரெண்டு பேர் சேந்து எழுதினா அது கணக்குப் புஸ்தகம், இலக்கியம் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. வயசுக்கு மரியாதை கொடுத்து அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே திறக்கிறேன்.

அந்தப் புத்தகத்தின் கதையை முதலில் சொல்கிறேன். மார்கரெட் வெய்ஸ், ட்ரேசி ஹிக்மன் என்ற ரெண்டு பேர் எழுதிய டிராகன்லான்ஸ் வரிசையின் முதல் நாவல் அது. 1984-ல் வந்தது. (ட்ரேசி இங்கே ஆண். நானும் முதலில் அக்கா தங்கை ஜோடி என்றுதான் நினைத்தேன்.) 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டிக் கதையாகவே ஆடுவது. அதை விற்ற டிஎஸ்ஆர் கம்பெனி விஸ்கான்ஸின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்ற ஊரில் இருந்தது. ஹிக்மனும் அவர் மனைவி லாராவும் அந்த வேலைக்காக யூட்டாவிலிருந்து குடும்பத்தோடு காரில் போகும்போது, வழியில் பேசிப் பேசி உருவாக்கினதுதான் அந்த உலகம். பிழைப்புக்காக ஊர் மாறுகிறவர்களின் கார் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? பின் ஸீட் நிறைய மூட்டை, முன் ஸீட் நிறையக் கவலை. அதில் ஒரு உலகம் பிறந்திருக்கிறது!

வெய்ஸ் அதே கம்பெனிக்கு 1983-ல் புத்தக எடிட்டராக வந்தவர். விளையாட்டோடு சேர்த்து நாவலும் போடுவது திட்டம். எழுத வேறொருவர் அமர்த்தப்பட்டார், அது சரிப்படவில்லை. அதற்குள் இந்த ரெண்டு பேரும் அந்தக் கதைக்குள் முழுகிப் போயிருந்தார்கள். ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து முன்கதையும் முதல் ஐந்து அத்தியாயமும் எழுதிக்கொண்டுபோய் நீட்டினார்கள். வேலை அவர்களுக்கே கிடைத்தது. யாரும் கேட்காமல், உள்ளிருந்து பொங்கி எழுத வேண்டும் என்றீர்களே பெரியவரே, இது வேறென்ன?

சரி, ரெண்டு பேர் எப்படிப் பங்கு போட்டார்கள்? பெரும்பாலும் உலகமும் கதைப் போக்கும் ஹிக்மன் பக்கம், வாக்கியமும் ஆட்களின் மனசும் வெய்ஸ் பக்கம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு மூன்றாவதாக ஒரு கூட்டாளி இருந்தான். விளையாட்டின் விதிப்புத்தகம். அவன் லேசில் மசிய மாட்டான்.

ஒரு உதாரணம். அந்த விளையாட்டில் மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொன்னவுடன் அது அவன் நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுபடி உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும். மந்திரவாதி மற்றவர்களை மிஞ்சிவிடக்கூடாது என்பதற்காக வைத்த வெறும் ஆட்ட விதி. நாவலில் இதை அப்படியே எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். இவர்கள் என்ன செய்தார்கள்? ரெய்ஸ்ட்லின் என்று ஒரு நோயாளி மந்திரவாதியைப் படைத்தார்கள். ஒவ்வொரு மந்திரமும் அவன் உடம்பிலிருந்து ஒரு விலை கேட்கிறது. இருமி இருமி, சுருண்டு விழுந்து, பலசாலி அண்ணனின் தோளில் சாய்ந்துகொண்டு, அந்தத் தோளையே வெறுக்கிறான். அவனுடைய அந்தக் கிசுகிசுத்த குரல்கூட, கதையை ஆடிப்பார்த்தபோது அவனாக ஆடின ஒருவர் பேசின குரல். அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். விதி குணமாகிவிட்டது. நாற்பது வருஷம் கழித்தும் வாசகர்கள் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இன்னொன்று. ஆட்டத்தில் பூசாரி வந்தால் காயத்தை ஆற்றிவிடலாம். இவர்கள் அந்த வசதியைப் பிடுங்கிவிட்டார்கள். தெய்வங்கள் போய்விட்ட உலகம், நிஜமான பூசாரியே கிடையாது. அந்த ஆற்றும் சக்தி திரும்பி வருவதே முதல் நாவலின் கதையாகிவிட்டது. இது கணக்குப் புத்தகமா?

எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. முதல் புத்தகத்தில் பாழடைந்த ஊருக்குள் இறங்கி அறை அறையாகப் போகும் பகுதி போர். தாயம் உருளும் சத்தம் காதில் கேட்கும். காரணம், விளையாட்டுக்காக வெளியான சாகசப் புத்தகங்களை ஒட்டியே நாவலும் நடக்க வேண்டியிருந்தது. ரெண்டாவது நாவலில் (1985) இவர்கள் உதறிக்கொண்டார்கள். பனிச்சுவர் நாட்டில் நடக்கிற ஒரு முழுச் சாகசத்தையே மேடைக்கு வெளியே தள்ளிவிட்டு, நடந்ததாகச் சுருக்கமாகச் சொல்லித் தாண்டிவிட்டார்கள். ரசிகர்கள் திட்டினார்கள். (2007-ல் தனி நாவலாக அதை எழுதிக் கடனை அடைத்தது வேறு விஷயம்.) 1986-ல் வந்த அடுத்த மூன்று நாவல்களுக்கு இப்படிப் பின்தொடரச் சாகசப் புத்தகம் இல்லை. என் கணக்கில் அவைதான் உச்சம். அப்புறம் கம்பெனியை விட்டு வெளியே போய், சொந்த உலகம் அமைத்து 'டெத் கேட்' வரிசையில் ஏழு நாவல்கள் எழுதினார்கள், 1990 முதல் 1994 வரை. கூலிக்காரர்கள் கூலி இல்லாமலும் நன்றாகவே எழுதினார்கள்.

நமக்கென்ன இது புதுசா? சுரேஷும் பாலகிருஷ்ணனும் 'சுபா' என்று ஒரே பெயரில் எழுதினதை ரயிலில் வாங்கிப் படித்துத்தானே வளர்ந்தோம்? 'அயன்', 'கோ' என்று அதே ஜோடி கே.வி. ஆனந்தோடு உட்கார்ந்து படங்களுக்கு எழுதினபோது கைதட்டினோம். எந்த வரி யாருடையது என்று டிக்கெட் கவுண்டரில் யாரும் கேட்கவில்லை.

நிற்க. ரசனை விஷயமாக மட்டும் இருந்தால் இவ்வளவு நீளப் பதிவு போட மாட்டேன். இந்த இளக்காரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கட்டுவது எழுதினவர்கள். 'கூலி எழுத்து' என்று நாம் சொல்லச் சொல்ல, கூலி கொடுக்கிறவனுக்கு வசதி.

ஆலன் டீன் ஃபாஸ்டர் என்று ஒருவர். முதல் 'ஸ்டார் வார்ஸ்' நாவலை எழுதினவர் அவர். 1976 கடைசியில், படம் வருவதற்கு முன்பே வந்தது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர். ஃபாஸ்டர் அதைப் பற்றிக்கூடப் புலம்பவில்லை, ராயல்டி வந்துகொண்டிருந்தது. லூகாஸ் கம்பெனியை 2012-லும், 'ஏலியன்' படங்களின் ஃபாக்ஸ் ஸ்டூடியோவை 2019-லும் டிஸ்னி வாங்கியது. ஃபாஸ்டர் எழுதின ரெண்டு வரிசை நாவல்களுக்கும் பணம் வரவில்லை. 2020 நவம்பரில் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் அமைப்பு இதை வெளியே கொண்டுவந்தது. டிஸ்னி தரப்பு வாதம் என்று அவர்கள் சொன்னது: நாங்கள் உரிமையைத்தான் வாங்கினோம், கடமையை வாங்கவில்லை!

மக்களே, மாம்பலத்தில் வாடகைக்காரரோடு சேர்த்து ஒரு வீடு வாங்குகிறீர்கள். அவர் காலி செய்யும்போது பத்து மாச அட்வான்ஸைக் கேட்கிறார். "வீட்டைத்தான் வாங்கினேன், உன் அட்வான்ஸ் பழைய ஓனரிடம்" என்று சொன்னால் தெரு சிரிக்காதா? பெரிய கம்பெனி சொன்னால் அது சட்ட நுணுக்கம். கூச்சல் எழுந்த பிறகு, 2021-ல் ஃபாஸ்டருக்குத் தீர்வு கிடைத்தது.

நம் ஜோடிக்கும் ஒரு சுற்று வந்தது. டிஎஸ்ஆரை 1997-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்க, அதை 1999-ல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. தாங்களே பேசிப் பேசி உண்டாக்கின உலகத்தில் மறுபடி கதை எழுத, அந்த உலகத்தின் சொந்தக்காரர்களிடம் உரிமம் வாங்க வேண்டிய நிலை. 2019-ல் ஒப்பந்தம் போட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, 2020 ஆகஸ்டில், இனி எந்தப் பிரதிக்கும் ஒப்புதல் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது இவர்கள் புகார். அக்டோபரில் வழக்குப் போட்டார்கள். டிசம்பரில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். 2022, 2023, 2024 என்று மூன்று நாவலும் வந்தன. மூன்றாவது வந்தபோது வெய்ஸுக்கு 76 வயசு. அட்டைகளில் ரெண்டு பெயர்தான். அந்தக் காரில் பக்கத்து ஸீட்டில் இருந்த லாராவின் பெயர் அதில் இல்லை.

ஐ.டி.யில் இருக்கிற நமக்கு இது புரியவில்லை என்றால் யாருக்குப் புரியும்? நான் ஆறு வருஷம் எழுதின கோடு, கம்பெனி கைமாறினபோது என்னைக் கேட்காமல்தான் போனது. சம்பளம் வாங்கினேன், சரி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால், ஊழியன் வேலையின் பகுதியாக எழுதினது முதலாளிக்கு. ஆனால் ஊழியன் இல்லாதவன், வெளியிலிருந்து நாவல் எழுதித் தருகிறவன், எழுதினவுடன் அவனே உரிமையாளன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போகும். காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து வருஷத்துக்கு, எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். ரெண்டு பேர் எழுதி, இவர் பங்கு இது அவர் பங்கு அது என்று பிரிக்க முடியாமல் இருந்தால் அதற்குச் சட்டத்திலேயே கூட்டுப் படைப்பு என்று பெயர். பெரியவர் கணக்குப் புத்தகம் என்றதைச் சட்டம் படைப்பு என்கிறது, பாருங்கள்.

2012 திருத்தத்தில் பாடலாசிரியர்களுக்கும் படத்துக்கு எழுதுகிறவர்களுக்கும் ஒரு கவசம் கிடைத்தது. தியேட்டருக்கு வெளியே படம் ஓடும் வகைகளில் வரும் ராயல்டியை அவர்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அது படத்தில் இடம்பெறும் எழுத்துக்கு. படத்தை ஒட்டி எழுதும் நாவலுக்குக் கையெழுத்துப் போடும் காகிதம்தான் எல்லாம்.

ஏன் இவ்வளவு சட்டம் பேசுகிறேன் என்றால், எங்கள் கூட்டத்திலேயே ஒரு நண்பரின் மகனும் அவனோடு படித்த பெண்ணும் ஒரு வெப் சீரிஸை ஒட்டி நாவல் எழுத அழைக்கப்பட்டிருக்கிறார்கள். அவன் பம்பாயில், அவள் சென்னையில். அவன் காட்சி காட்சியாகத் திட்டம் அனுப்புகிறான், அவள் எழுதுகிறாள், அவன் திருத்துகிறான், அவள் திருத்தினதைத் திருத்துகிறாள். கம்பெனி அனுப்பின காகிதத்தில் 'உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக' என்று இருந்தது. ஒரே தொகை. அட்டையில் பெயர் போடுவது கம்பெனியின் விருப்பம். "எங்க பேர் வந்தா போதும் அங்கிள், இது சும்மா டை-இன் நாவல்தானே" என்றான் பையன். 'சும்மா' என்ற அந்த வார்த்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான்.

உட்கார வைத்து மேலே சொன்ன கதை முழுக்கச் சொன்னேன். பையன் கேட்டதைவிட அந்தப் பெண் போனில் அதிகம் கேட்டாள். மூன்று விஷயம் கேட்டு எழுதினார்கள்: அட்டையில் ரெண்டு பெயரும், விற்பனையில் சதவீதம், கம்பெனி கைமாறினால் புது முதலாளியையும் அந்தச் சதவீதம் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி.

பெயருக்குச் சம்மதித்துவிட்டார்கள். சதவீதத்துக்குப் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை.