கல்லூரி இருந்தால் போதுமா?

எஸ்பிஎம் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, மருத்துவம் படிக்க இடம் கிடைக்குமா என்பதுதான். படித்து முடித்த பிறகு வேலை எப்படி என்று அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியும் பழையதுதான் என்பதை நம் வட்டாரத்தின் மூத்த மருத்துவக் கல்லூரியின் வரலாற்றைப் படித்தபோது அறிந்தேன்.

1904ஆம் ஆண்டு, டான் ஜியாக் கிம் தலைமையில் சமூகத் தலைவர்கள் சிங்கப்பூரில் ஆளுநரிடம் மனுக் கொடுத்தனர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 71,000 வெள்ளி திரட்டித் தருமாறு அரசாங்கம் கேட்டது. மக்கள் தந்ததோ 87,077 வெள்ளி!

1905ல், முன்பு பெண் மனநோயாளிகள் காப்பகமாக இருந்த கட்டடத்தில் 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கும் பொதுவான பள்ளி அது. 1916ல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அதன் பட்டயத்தை அங்கீகரித்தது. 1921ல் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி ஆனது. 1949ல் ராஃபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தது.

ஆனால், லண்டனே தகுதியை ஏற்ற பிறகும் பதவியில் சமத்துவம் வரவில்லை. அரசாங்க மருத்துவச் சேவையின் உயர் பதவிகள் ஐரோப்பியர்களிடமே இருந்தன. இங்கு படித்தவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில் உதவி மருத்துவர்களாகவே பணியாற்றினர்.

இன்றைய மலேசியாவில் நிலைமை வேறு. இங்கு நிறபேதம் காரணமல்ல. பட்டதாரிகள் பெருகிய வேகத்தில் நிரந்தரப் பதவிகள் பெருகவில்லை. அதனால் 2016 டிசம்பரில் ஒப்பந்த முறை வந்தது. நிரந்தரப் பணியும் நிபுணத்துவப் பயிற்சிக்கான வாய்ப்பும் உறுதியில்லாத நிலையில், 2021 ஜூலை 26ஆம் தேதி இளம் மருத்துவர்கள் கறுப்பு உடையணிந்து மருத்துவமனைகளை விட்டு வெளிநடப்புச் செய்தனர். அதன் பிறகு நிரந்தரப் பதவிகள் கூடுதலாக வழங்கப்பட்டாலும், வெளிநாடு செல்லும் எண்ணம் பலரிடம் குறையவில்லை. நாம் செலவழித்துப் பயிற்றுவிக்கிறோம். பலனை வேறொரு நாடு பெறுகிறது.

மருத்துவர் பற்றாக்குறை என்றதும் மாணவர் இடங்களை அதிகரிக்கச் சொல்வது எளிது. ஆனால், மாணவர் சேர்க்கையை அறிவிக்கும்போதே, அவர்கள் படித்து முடிக்கும் ஆண்டில் எத்தனை நிரந்தரப் பதவிகளும் நிபுணத்துவப் பயிற்சி இடங்களும் இருக்கும் என்பதையும் அரசாங்கம் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவம் படிக்க விரும்பும் தம்பி தங்கைகளே, விண்ணப்பிக்கும் முன் நீங்களும் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.