அரை நாள் அன்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் வழவழப்பான தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஹைதராபாத் மல்காஜ்கிரியில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளின் படிப்பு சம்பந்தமாக எதுவானாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்வது அவர் வழக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளி, மாணவர்களைக் கம்போடியாவுக்கு எட்டு நாள் 'சேவைப் பயணம்' அழைத்துப்போகிறதாம்.

"அவங்கப்பா காசு ஜாஸ்திங்கறார் டீச்சர். சேவைக்குத்தானே போறா, ஊர் சுத்தவா போறா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவார்."

தாளைப் படித்தேன். அங்கோர் வாட் கோயில்கள், படகுச் சவாரி, இரவுச் சந்தை. நடுவில் கிராமப் பள்ளி ஒன்றுக்கு வண்ணம் அடிக்க இரண்டு நாள். கடைசியில், அனாதைக் குழந்தைகள் காப்பகத்தில் அரை நாள், 'அன்பைப் பகிர்தல்'.

அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சேவை செய்ய நல்ல மனது இருந்தால் போதும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். கொடுக்கிறவருக்குப் புண்ணியம், வாங்குகிறவருக்கு லாபம், இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைக்கிறோம். படித்தவர், படிக்காதவர், பக்திமான், நாத்திகர் எல்லோரிடமும் இருக்கிற நம்பிக்கை இது. இது தவறு என்று நான் சொல்கிறேன். நஷ்டம் இருக்கிறது. அதைச் சுமப்பவர்கள், தமக்காகப் பேச ஆளில்லாத குழந்தைகள்.

கம்போடியாவையே எடுத்துக்கொள்வோம். 2005இல் அந்த நாட்டில் 154 காப்பகங்கள் இருந்தன. 2010இல் 269. அந்த ஐந்து வருடத்தில் அங்கே பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளின் வரவு. 2011இல் யுனிசெஃப் உதவியோடு வெளிவந்த ஆய்வு, காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதைக் காட்டியது. அனாதைகள் என்று நாம் கட்டியணைத்துவிட்டு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அனாதைகளே இல்லை.

இது எப்படி நடக்கிறது? காப்பகத்துக்கு வெளிநாட்டார் வருகிறார்கள், கண் கலங்குகிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். பணம் வரவேண்டுமானால் பார்வைக்குக் குழந்தைகள் வேண்டும். எனவே தரகர் கிராமத்துக்குப் போகிறார். "உன் பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு, மூணு வேளை சாப்பாடு, எல்லாம் இலவசம்" என்கிறார். ஏழைத் தாய் நம்பி அனுப்புகிறாள். குழந்தை நகரத்துக்கு வந்து, வருகிறவர்கள் முன்னால் ஆடிப் பாடக் கற்றுக்கொள்கிறது. சில இடங்களில் காப்பகத்தை வேண்டுமென்றே அழுக்காகவும் குழந்தைகளை மெலிந்தவர்களாகவும் வைத்திருக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் நன்கொடை குறைந்துவிடும். பெற்றவளிடமிருந்து அந்தப் பிள்ளையைப் பிரித்த பணத்தில் நம் ஊர்ப் பிள்ளை அந்த அரை நாளில் கொடுக்கப்போகும் காசும் சேரும்.

எங்கேயோ நடப்பது என்று ஒதுக்க வேண்டாம். 2011இல் நம் கோவைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியிலிருந்து நேபாளத்தின் ஹும்லா மலைப்பகுதிச் சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். பெற்றோரை இழந்தவர்கள் என்று வெளிநாட்டு நன்கொடையாளர்களிடம் காட்டப்பட்ட சிறுமிகள் அவர்கள். அவர்களுடைய பெற்றோர் ஊரில் உயிரோடு இருந்தார்கள், மகள்கள் எங்கோ நன்றாகப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் காப்பகங்களின் இந்த வியாபாரத்தை விசாரித்தது. 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தபோது, காப்பகங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக அந்த நாடு ஏற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் காப்பகச் சுற்றுலாவின் கேட்டைக் குறிப்பிட்டது. மேலைநாட்டுப் பள்ளிகள் வெட்கப்பட்டு விலகத் தொடங்கிய ஒன்றை, நம் பள்ளிகள் இப்போது புதுப் பெருமையாகக் கையில் எடுக்கின்றன. இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

எனக்கு இதில் சொந்த நினைவு ஒன்றும் உண்டு. நான் வேலை பார்த்த பள்ளிக்கு அருகில் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. அங்கிருந்து சில பிள்ளைகள் எங்களிடம் படித்தார்கள். வருடா வருடம் டிசம்பரில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து ஒரு குழு அந்த இல்லத்துக்கு வரும். இரண்டு வாரம் பாட்டு, விளையாட்டு, பலூன், கேக். பிறகு போய்விடுவார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜனவரியில் என்னிடம் வந்தாள். கையில் நாலாக மடித்த காகிதத்தில் ஒரு முகவரி. "டீச்சர், அந்த அக்காவுக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. என்னை மறக்க மாட்டேன்னு சொன்னா." எழுதிக் கொடுத்தேன், தபால்தலையும் நானே ஒட்டினேன். பதில் வரவில்லை. மார்ச் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த டிசம்பரில் வேறொரு குழு வந்தபோது, முதல் நாளே ஓடிப்போய் இன்னொரு அக்காவின் மடியில் உட்கார்ந்தாள் என்று இல்லத்து ஆயா சொன்னார். முன்பின் தெரியாத யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிற குழந்தையைப் பாசக்காரக் குழந்தை என்று வருகிறவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். அது பாசமில்லை. நிலையாக ஒருவரும் இல்லாததால் வந்த காயம். குழந்தை மனநலம் படித்தவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த வெளிநாட்டுப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, அவளுக்கும் பதினாறு வயதுதான் இருக்கும். அவளை அங்கே கூட்டிவந்த பெரியவர்களைத்தான் குறை சொல்கிறேன்.

காப்பகக் குழந்தைகளைப் படம் எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இங்கே சட்டம் தடுக்கிற ஒன்றை அங்கே போய்ச் செய்துவிட்டு, அந்தப் படத்தைப் பள்ளி ஆண்டுமலரில் போடுவது என்ன நியாயம்? நம் பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கும்போது முகம் தெரியாத பத்துப் பேர் வந்து படம் எடுத்தால் விடுவோமா?

சுவருக்கு வண்ணம் அடிப்பதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் 2014இல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. பள்ளி மாணவியாக அவர் தான்சானியாவுக்கு ஒரு நூலகம் கட்டப் போயிருந்தார். பகலில் மாணவிகள் வைத்த செங்கல் கோணல்மாணலாக இருக்க, ஒவ்வொரு இரவும் ஊர் ஆட்கள் அதைப் பிரித்து, விடிவதற்குள் சரியாகக் கட்டி வைத்தார்களாம், பெண்களுக்குத் தெரியாமல். அந்த ஆட்களுக்கு முதலிலேயே அந்த வேலையைக் கொடுத்திருந்தால் என்ன? மல்காஜ்கிரியில் காலை ஏழு மணிக்கு கூலியாட்கள் கூடும் எந்த அட்டாவுக்குப் போய்ப் பார்த்தாலும் கரணையும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, இன்று யாராவது கூப்பிடுவார்களா என்று காத்து நிற்கும் ஆட்களைப் பார்க்கலாம். கம்போடியக் கிராமத்திலும் அப்படி நிற்கிறவர்கள் உண்டு. அவர்கள் கூலியைத்தான் நம் பிள்ளைகள் சேவை என்ற பெயரில் பறிக்கிறார்கள்.

நல்ல மனது போதாது என்பதை நான் கற்றுக்கொண்டது 2005 ஜனவரியில். சுனாமி வந்து நாகப்பட்டினம் அழிந்து கிடந்தது. இங்கே சிகந்தராபாத் தமிழர்கள் எல்லோரும் பதறினோம். லாலாகுடா ரயில்வே குடியிருப்பிலிருந்து சஃபில்குடா வரை வீடு வீடாகப் போய்த் துணி சேர்த்தோம். நானும் மூட்டை கட்டினேன். லாரியோடு போன என் தம்பி நாகையிலிருந்து போன் பண்ணினான்: "அக்கா, இனிமே ஒரு துணிகூட அனுப்பாதீங்க. ரோட்டோரம் பூரா துணிதான் கிடக்கு. யாரும் தொடலை." கடலோரச் சாலையில் மைல் கணக்கில் பழந்துணி குவிந்து, மழையில் ஊறி, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பிறர் உடுத்திக் களைந்ததை உடுத்த மீனவப் பெண்கள் மறுத்தார்கள். நேற்று வரை உழைத்து உண்ட மக்கள் அவர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவேயில்லை. அந்தக் குப்பையை அள்ளும் வேலையும் பேரிடரில் தவித்த அந்த ஊர்களின் தலையில்தான் விழுந்தது. படகு கொடுத்தவர்கள் கதையும் இதேதான். தரம் பார்க்காமல், கணக்குப் பார்க்காமல் ஆளாளுக்குக் கொடுத்த கண்ணாடியிழைப் படகுகள், சுனாமிக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலாகிவிட்டன. மீன் மட்டும் கூடவில்லை.

வெளியிலிருந்து வந்து நன்மை செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் தன் பெற்றோரோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இளம் பெண் கப்பல் ஏறி அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுதும் அந்த வேலையாகவே இருந்தார். சுவிட்சர்லாந்தின் பியர் செரசோல் பொறியாளர். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பின் சில தோழர்களோடு வந்து, இடிந்த கிராமங்களை மீண்டும் கட்டும் வேலையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். கையில் ஒரு தொழில், உள்ளூர் ஆட்களோடு சேர்ந்த உழைப்பு, அவசரமில்லாத காலம். எட்டு நாளில் இவற்றில் எதைக் கொடுக்க முடியும்?

பிள்ளையின் பார்வை விரியுமே என்று இரண்டாம் மாடிப் பெண் கேட்டார். வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்கும் உதவும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தத் தயக்கத்தில் அவருடைய நேர்மையைப் பார்த்தேன், உண்மையான காரணமும் அந்த விண்ணப்பம்தான். ஹார்வர்டின் கல்வியியல் பள்ளி 2016 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தூர தேசத்தில் சில நாள் செய்யும் பகட்டான சேவை பெரிதில்லை, ஓராண்டளவுக்காவது தொடர்ந்து செய்யும் வேலையே பெரிது என்பது அதன் சாரம். எண்பதுக்கு மேற்பட்ட சேர்க்கை அதிகாரிகளும் கல்வியாளர்களும் அதை ஆதரித்தார்கள். நம் சி.பி.எஸ்.இ. 2018இல் கொண்டுவந்த 'சேவா' திட்டமோ, ஐ.பி. பள்ளிகளின் சேவைப் பகுதியோ யாரையும் விமானம் ஏறச் சொல்லவில்லை.

பார்வை விரிய வேண்டுமானால் முதலில் இந்த மல்காஜ்கிரியைப் பார்க்கட்டும். வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய மக்களவைத் தொகுதி இது. 2020 செப்டம்பரில் நேரேட்மெட்டில் மழை மாலையில் சைக்கிள் எடுத்துப்போன பன்னிரண்டு வயதுச் சிறுமி, திறந்து கிடந்த நாலாவில், அதாவது மழைநீர்க் கால்வாயில், விழுந்தாள். மறுநாள் பண்ட செரு ஏரியில் உடல் கிடைத்தது. அடுத்த மாதமே வந்த பெருமழையில் இங்கே தெருத்தெருவாகத் தண்ணீர் புகுந்தது. எந்த நாலாவுக்கு மூடி இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெருத் தெருவாகக் குறித்து, மாநகராட்சிக்கு மனுக் கொடுத்து, மூடுகிற வரை விடாமல் கேட்கும் வேலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யலாம். அதில் கணக்கு, வரைபடம், தெலுங்கு எல்லாம் கற்கலாம். மாநகரைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடாவிலிருந்து வந்த குடும்பங்கள் வருடத்தில் ஆறு மாதம் தங்குகின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்கு எந்த மொழியில் பாடம் நடக்கிறது என்று எந்தப் பெற்றோருக்காவது தெரியுமா? அங்கே போவதானாலும் ஆசிரியர் துணையோடு, ஒடியாச் சொற்கள் சிலவற்றைக் கற்றுக்கொண்டு, சீசன் முழுதும் வாரம் தவறாமல் போக வேண்டும். பாதியில் விடுவதானால் தொடங்கவே கூடாது.

கம்போடியாவைப் பார்க்க ஆசையென்றால் தாராளமாகப் போகட்டும். அங்கோர் வாட் பார்க்க வேண்டிய கோயில். பயணம் என்றே சொல்லிப் போகட்டும், உள்ளூர் வழிகாட்டிக்கு உரிய கூலி கொடுக்கட்டும், குழந்தைகள் வாழும் வீட்டுக்குள் நுழையாமல் திரும்பட்டும்.

பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதிரித் தாள் உங்கள் வீட்டுக்கும் வரும். கையெழுத்துப் போடுமுன் பள்ளிக்குப் போய், அந்தக் காப்பகத்துப் பிள்ளைகளின் தாய் தகப்பன் எங்கே இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியரை எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத பள்ளிக்கு உங்கள் பிள்ளையை அங்கே கூட்டிப்போக உரிமை கிடையாது.