ஈலிங் சிரிப்பு இதமானதல்ல

பழைய பிரித்தானிய நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'இதமான படங்கள்' என்ற அடைமொழி தவறாமல் வந்துவிடுகிறது. அண்மையில் இளம் பத்திரிகையாளர் ஒருவரும் அதையே என்னிடம் சொன்னார். "ஐயா, அவை மழை நாளில் தேநீரோடு இருந்து பார்க்கிற படங்கள். எவரையும் நோகச் செய்யாதவை. அதனால்தான் இன்னும் நிலைத்து நிற்கின்றன" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கோ அது அப்படங்களுக்கு இழைக்கப்படும் அவமதிப்பாகவே பட்டது.

அலெக் கின்னஸ் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது கித்துல்கலவில் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. அதில் நடித்தமைக்காக அவருக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னரே, மேற்கு லண்டனின் ஈலிங் கலையகத்தில் மைக்கல் போல்கனின் தலைமையில் உருவான நகைச்சுவைப் படங்கள் அவரைப் பெருநடிகராக்கிவிட்டன. அப்படங்கள் பிறந்த சூழலை மறந்துவிட்டு அவற்றை எடைபோட முடியாது. யுத்தத்தில் வென்ற பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு 1954 ஜூலை வரை நீடித்தது. வென்றவனும் பங்கீட்டுப் புத்தகத்தோடு வரிசையில் நின்றான். எழுபதுகளில் இலங்கையில் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் சலிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

1949இல் வந்த 'பாஸ்போர்ட் ரு பிம்லிக்கோ' அந்தச் சலிப்பிலிருந்தே எழுகிறது. வெடிக்காமல் கிடந்த குண்டொன்று வெடிக்க, புதையலோடு பழைய சாசனம் ஒன்றும் வெளிப்படுகிறது. லண்டனின் அந்தப் பகுதி சட்டப்படி பர்கண்டிக்குச் சொந்தமாம்! மக்கள் பங்கீட்டுப் புத்தகங்களைக் கிழித்தெறிகிறார்கள். அரசாங்கமோ முட்கம்பி வேலி அடிக்கிறது, தண்ணீரை நிறுத்துகிறது. வேலிக்கு அப்பால் நிற்கும் சக லண்டன்வாசிகள் உணவுப் பொதிகளை உள்ளே எறிகிறார்கள். தன் மக்களையே முற்றுகையிட்டுப் பட்டினி போடும் அரசைப் பார்த்துச் சிரிப்பதில் இதம் எங்கே இருக்கிறது?

அதே ஆண்டில் றொபேர்ட் ஹேமர் இயக்கிய 'கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரோனெற்ஸ்' இன்னும் கொடியது. உயர்குடிக் குடும்பமொன்று, இத்தாலியப் பாடகரை மணந்த தன் மகளை ஒதுக்கிவைக்கிறது. இறந்த பின்னர் குடும்பக் கல்லறையிலும் அவளுக்கு இடம் மறுக்கிறது. அவளுடைய மகன், பிரபுப் பட்டத்திற்குத் தடையாக நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். அந்தக் குடும்பத்தின் எட்டுப் பேராகவும் கின்னஸ் ஒருவரே வருகிறார். கதாநாயகனின் குரல் கடைசிவரை உயர்வதேயில்லை. அந்த மரியாதை குலையாத பேச்சுத்தான் வர்க்கத் திமிரை அம்பலப்படுத்துகிறது. கொலைகாரன் தப்பிவிடக்கூடும் என்று சந்தேகத்தில் விட்ட முடிவை அமெரிக்கத் தணிக்கை பொறுக்கவில்லை. அங்கே திரையிடப்பட்ட பிரதியில், அவன் எழுதிய வாக்குமூலம் அதிகாரிகளின் கைக்குப் போவதாக ஒரு காட்சியை ஒட்டவைத்தார்கள். எவரையும் நோகச் செய்யாத படத்திற்கு அந்த ஒட்டு எதற்கு?

'இப்படங்களின் கலகக்காரர்கள் இறுதியில் அடங்கிப்போகிறார்கள். பிம்லிக்கோவாசிகள் பங்கீட்டுப் புத்தகத்தை மகிழ்ச்சியோடு திரும்பப் பெறுகிறார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அந்தப் படத்தைப் பொறுத்தவரை நான் அதை ஒப்புக்கொள்கிறேன். குறைகள் வேறும் உள்ளன. ஹேமரின் படத்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லொன்று விளையாட்டாக வந்துபோகிறது. இன்று அதைக் கேட்டுச் சிரிக்க முடியாது, சிரிக்கவும் கூடாது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்கச் சொல்பவன் அல்லன் நான்.

ஆனால் அலெக்சாண்டர் மக்கென்ட்ரிக் 1951இல் இயக்கிய 'த மான் இன் த வைற் சூட்' படத்தைப் பார்த்தவர் அந்தக் குற்றச்சாட்டை எல்லாப் படங்கள் மீதும் சுமத்தமாட்டார். கிழியாத, அழுக்கேறாத துணியை ஒருவன் கண்டுபிடிக்கிறான். ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஒன்றுசேர்ந்து அவனைத் துரத்துகிறார்கள். ஓடிக் களைத்தவனிடம், துணி வெளுத்துப் பிழைக்கும் வயோதிபப் பெண் கேட்கிறாள்: இனித் துவைக்க எதுவும் இல்லையென்றால் என் பாடு என்னாவது? அவனிடம் விடை இல்லை. இயந்திரங்கள் நம்முடைய எழுத்துத் தொழிலையே கைப்பற்றத் தொடங்கியிருக்கும் இன்றைய நாளில், அக்கேள்வி எழுபது ஆண்டுகளுக்கு முந்தியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வாளனுக்குத் தன் கண்டுபிடிப்பின் மீதுள்ள காதலும் உண்மை. அந்தக் கிழவியின் அச்சமும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கிப் படம் நம்மைச் சமாதானப்படுத்துவதில்லை.

இப்படங்களின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. நடிகர்கள் தாங்கள் நகைச்சுவைப் படத்தில் நடிப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. எவரும் நம்மிடம் சிரிப்பைப் பிச்சை கேட்பதில்லை. கேலிக்கு ஆளாவது நொண்டியோ, பருத்தவளோ, கறுத்தவனோ அல்ல. அமைச்சர், பிரபு, வங்கி, ஆலை முதலாளி ஆகியோரே. 1955இல் மக்கென்ட்ரிக் தந்த 'த லேடிகில்லர்ஸ்' படத்தை கோயன் சகோதரர்கள் ரொம் ஹாங்ஸை வைத்து 2004இல் மீண்டும் எடுத்தார்கள். திறமைசாலிகள்தாம். ஆயினும் கேற்றி ஜோன்சன் நடித்த மூதாட்டியின் அமைதியான பிடிவாதத்திற்கு முன்னே கொள்ளைக் கூட்டமே சிதறிப்போன அந்த அடக்கம், உரத்த வேடிக்கைக்குள் காணாமற்போயிற்று.

அந்த இளம் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழை நாளில் தேநீரை அருகில் வைத்துக்கொண்டு 'வைற் சூட்' படத்தைப் பாருங்கள். அந்தக் கிழவியின் முகத்தைக் கவனியுங்கள். பார்த்து முடித்த பின்னரும் 'இதமான படம்' என்று சொல்ல மனம் வந்தால், இந்தக் கட்டுரையை நான் மீளப்பெற்றுக்கொள்கிறேன்.