கராஜ் வாசலில் வெள்ளம்

ஊரில் மாரி தொடங்குமுன் பீலியில் கிடக்கும் சருகை அள்ளுவது எமது வேலை. முற்றத்து வெள்ளம் வளவுக்குள்ளேயே நின்று வற்றும். சுண்ணாம்புக்கல் நிலம் அதைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுத்துவிடும். நியூ ஜேர்சிக்கு வந்தபின் வீட்டு முன்றலில் கொங்கிறீற் போட்டுக் காரை நிறுத்தினோம். தண்ணீர் எங்கே போகும் என்று நினைக்கவேயில்லை.

2021 செப்டெம்பர் 1ஆம் திகதி இரவு, ஐடா புயலின் எச்சம் வந்தபோதுதான் தெரிந்தது. நூவாக் விமான நிலையத்தில் ஒரே மணித்தியாலத்தில் 3.24 அங்குல மழை. 600 சதுர அடி டிரைவ்வேயில் அவ்வளவு விழுந்தால் ஏறத்தாழ 1,200 கலன். எமது கொங்கிறீற்றோ வீதிப் பக்கம் சரியாமல் கராஜ் பக்கம் சரிந்திருந்தது. பேஸ்மென்ற்றில் முழங்கால் வெள்ளம். கட்டிலும் கம்பளமும் போனால் போகட்டும். இடம்பெயர்ந்த இடமெல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக் காவிவந்த பிறப்புச் சான்றிதழ்களும், அம்மாவின் ஒரேயொரு கலியாணப் படமும் அங்கேதான் இருந்தன. படத்தில் இப்போது சேலைக் கரை மட்டும் தெரிகிறது.

காப்புறுதிக்காரர் கையை விரித்தார். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. அரசின் வெள்ளக் காப்புறுதியைத் தனியாக எடுக்கவேண்டும். பொதுவாக 30 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். அதிலும் பேஸ்மென்ற் சாமான்களில் பெரும்பாலானவை சேரா.

அடுத்த மழைக்குக் குடையுடன் வெளியே போய் நின்று பாருங்கள். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் மண் 6 அங்குலம் தாழவேண்டும். கொங்கிறீற் என்றால் இரண்டரை அங்குலமாவது தாழவேண்டும். உடைத்துப் போட எமக்கு வசதியில்லை. கராஜ் வாசலுக்குக் குறுக்கே கான் வெட்டி, இரும்புக் கம்பித் தட்டு மூடி, குழாயில் பின்வளவின் பள்ளத்துக்கு விட்டோம். அயலவர் பக்கம் திருப்பியிருந்தால் செலவு பாதிதான். ஆனால் வேலிச் சண்டை ஊரில் கண்டது போதாதா? அயல் காணிக்கு நியாயமின்றி வெள்ளத்தைத் திருப்பி நட்டம் விளைவித்தால் பொறுப்புச் சொல்லவேண்டும் என்பது இம்மாநில உச்ச நீதிமன்றம் 1956இலேயே வகுத்த நெறி. மலசலக் குழாயிலும் மழைநீரை இணைக்கக்கூடாது. வீதிக்கு விடுவதென்றால் முதலில் நகரசபையில் கேளுங்கள்.

இலையுதிர் காலத்தில் கம்பித் தட்டு கிழமைக்கொரு தடவை அடைபடுகிறது. மகன் முணுமுணுத்தபடி அள்ளுகிறான். மிஞ்சிய பத்திரங்கள் மேல்மாடி அலுமாரிக்குப் போய்விட்டன.